பினாங்குல வேலை வந்திருக்கு, குடும்பத்தோட போலாமா?

கோவை_டெஸ்ட்இன்ஜினியர்
எல்லாருக்கும் வணக்கமுங்க. மலேசியாவுல பினாங்குல ஒரு செமிகண்டக்டர் கம்பெனில டெஸ்ட் இன்ஜினியர் ஆஃபர் வந்திருக்கு, மாசம் 9000 ரிங்கிட், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். வீட்டுல அவங்க இங்க காலேஜ்ல லெக்சரர், பையன் ஒண்ணாவது படிக்கறான். சொந்தக்காரங்க எல்லாரும் இந்தியக் காசுல பெருக்கிப் பார்த்துட்டு உடனே கிளம்புன்னு சொல்றாங்க, எனக்கு அந்தக் கணக்கு மட்டும் போதும்னு தோணலைங்க. அவங்க அங்க வேலைக்குப் போக முடியுமா, பையனைத் தமிழ்ப் பள்ளில சேர்க்கலாமா? நடுவுல இருக்கற ஏஜென்ட் வேற "சும்மா சுத்திப் பாக்க வர்ற மாதிரி வந்துருங்க, பாஸை அப்புறம் மாத்திக்கலாம்"ங்கறார். இது சரிதானா?

சுங்கைஆரா_வாசி
ப்ரோ, ஏஜென்ட் சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. விசா இல்லாம 30 நாள் விடறது ஊர் சுத்திப் பாக்கறவங்களுக்கு, அதுல வந்து வேலை பார்த்தா மாட்டப் போறது நீங்கதான், அவர் இல்ல. எம்ப்ளாய்மென்ட் பாஸை, அதாவது இங்க வேலை பாக்கறதுக்கான அனுமதியை, கம்பெனிதான் இமிக்ரேஷன்ல அப்ளை பண்ணணும், அப்ரூவல் லெட்டர் கைக்கு வந்தப்புறம் ஃப்ளைட் ஏறுங்க. பாஸ்ல எந்த கேட்டகிரின்னு ஹெச்ஆர் கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, அதுல குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியுமான்னும் கேளுங்க, கேட்டகிரிக்கான சம்பள வரம்பு அப்பப்ப மாறுது, பழைய யூட்யூப் வீடியோல சொல்ற நம்பரை நம்பாதீங்க.

அப்புறம் டாக்ஸ். ஒரு வருஷத்துல 182 நாள் இங்க இருந்தாதான் டாக்ஸ் கணக்குல ரெசிடென்ட், இல்லன்னா சம்பளத்துல நேரா 30 பர்சென்ட் டாக்ஸாப் போயிடும். நீங்க வருஷக் கடைசில சேர்ந்தீங்கன்னா ஆரம்பத்துல அந்த ரேட்லயே பிடிப்பாங்க, ஆனா அடுத்த வருஷம் தொடர்ந்து இங்கயே இருந்தா முதல் வருஷத்தையும் சேர்த்து ரெசிடென்ட்டா எடுத்துக்க வழி இருக்கு, ஃபைல் பண்ணும்போது அதிகமா பிடிச்சது திரும்ப வரும். அதனால முதல் சில மாசம் கைல வர்ற சம்பளம் குறைச்சலா இருக்கும், அந்த நேரத்துலதான் வீட்டு அட்வான்ஸும் வரும்: ரெண்டு மாச வாடகை டெபாசிட், கரன்ட் தண்ணிக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, எல்லாம் ஒண்ணா கேப்பாங்க. 2025 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கும் ஈபிஎஃப் உண்டு, உங்க பக்கம் 2 பர்சென்ட், கம்பெனி 2 பர்சென்ட்.

ஃபேக்டரி பாயான் லெப்பாஸா பத்து கவானான்னு கண்டிப்பா கேளுங்க. பாயான் லெப்பாஸ் தீவுலயே இருக்கு, பத்து கவான் பாலம் தாண்டி பெருநிலத்துல. அது தெரியாம வீடு பிடிச்சா தினமும் பாலத்துலயே பொழுது போயிடும்.

சேலத்துப்பொண்ணு_கெலுகோர்
உங்க வீட்டம்மா பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா, ஏன்னா இதை யாரும் முதல்ல பேச மாட்டேங்கறாங்க. குடும்பத்துக்குக் குடுக்கற டிபென்டன்ட் பாஸ்ல வந்தா அதை வெச்சு வேலைக்குப் போக முடியாது, அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும், அது ஈஸியா நடக்கறதில்ல. நான் ஸ்கூல் டீச்சரா இருந்துட்டு வந்தவ, இங்க பகல் பூரா வீட்டுல இருக்கறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, சொந்தமா சம்பாதிச்சுப் பழகினவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல. அதனால அவங்களை ரிசைன் பண்ணச் சொல்லாதீங்க, காலேஜ்ல சம்பளமில்லாத லீவு ஒரு வருஷம் கிடைக்குமான்னு கேக்கச் சொல்லுங்க. நீங்க முன்னாடி வந்து ப்ரொபேஷன் முடிங்க, பையன் அங்க இந்த வருஷப் படிப்பை முடிச்சுட்டு வரட்டும். அவங்க சம்பளம் நின்னுபோன கணக்கையும் போட்டுட்டு 9000-ஐ பாருங்க, அப்பதான் உண்மை தெரியும்.

பட்டர்வொர்த்_தமிழன்
வணக்கம் சார், நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன். தமிழ்ப் பள்ளி அரசாங்கப் பள்ளிதான், உள்ளூர்ப் பிள்ளைங்களுக்குத்தான் முதல் இடம், பாஸ்ல வர்றவங்க பெரும்பாலும் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குத்தான் போறாங்க, வருஷத்துக்கு 20,000 ரிங்கிட்டுக்கு மேல சாதாரணமா ஆகும். இதைக் கம்பெனி குடுக்குமான்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே பேசுங்க, பின்னாடி கேட்டா நடக்காது. தமிழுக்குக் கவலை வேணாம் சார், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியால மளிகைல இருந்து வேட்டி வரை கிடைக்கும், தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ரோடே தெரியாத அளவுக்கு ஜனம் வரும், தமிழ் ரேடியோ மின்னல் எஃப்எம் இருக்கு. ஆனா மலாய் கத்துக்குங்க, ஆபீஸ்ல இங்கிலீஷ் போதும், வீட்டு ஓனர், பிளம்பர், அரசாங்க கவுன்ட்டர் எல்லாத்துக்கும் நாலு வார்த்தை தெரிஞ்சா மரியாதையே வேற. வந்ததும் ஒரு நாள் குடும்பத்தோட வீட்டுக்கு வந்து பசியாறிட்டுப் போங்க.

கோவை_டெஸ்ட்இன்ஜினியர்
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ராத்திரியே அவங்ககிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டினேன், லீவுக்கு திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்ட கேக்கறாங்க. ஹெச்ஆருக்கும் மெயில் போட்டாச்சு: கேட்டகிரி என்ன, ஃபேக்டரி எந்தப் பக்கம், ஸ்கூல் ஃபீஸ்ல பங்கு உண்டான்னு. ஃபீஸ் தரலைன்னா நான் தனியாத்தான் வருவேன், அதுவும் ரெண்டு வருஷத்துக்கு சம்மதமான்னு அவங்களும் நானும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும். பதில் வந்ததும் இங்கயே போடறேன்.