தோட்ட ஒபிஸ் மெஷின்களுக்கு டபிள்யூசஸ்ல பேட்ச் போடுறது, சம்பள வாரத்துல எப்படி சமாளிக்கிறீங்க?

ஹட்டன்_சிஸ்டம்ஸ்:

வணக்கம் எல்லாருக்கும். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டக் கொம்பனிக்கு ஐடி பாக்குறேன், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் இருக்கிற தோட்ட ஒபிஸும் பெக்டரி ஒபிஸும் என் பொறுப்புல. எனக்கு முன்னாடி இருந்தவர் ரீஜனல் ஒபிஸ்ல ஒரு டபிள்யூசஸ் சேர்வர் (மைக்ரோசொஃப்ட் விடுற அப்டேட்டை, அதாவது பேட்சை வாங்கி, நாம அப்ரூவ் பண்றதை மட்டும் மெஷின்களுக்குக் குடுக்கிறது) போட்டு வச்சிட்டு வேற வேலைக்கு போயிட்டார், அதப்பத்தி ஒரு குறிப்பும் எழுதி வைக்கல. தோட்டத்து மெஷின் எல்லாம் விபிஎன்ல வந்து அதுல இருந்துதான் விண்டோஸ் பேட்ச் எடுக்கணும்னு குரூப் பொலிசி (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து போடுற செட்டிங்) போட்டிருக்கு.

இப்ப கொன்சோலைத் திறந்தா கொஞ்ச நேரம் சுத்திட்டு கனெக்ஷன் எரர்னு ரீசெட் சேர்வர் நோட் பட்டனைக் காட்டுது, டிஸ்க் நிறைஞ்சு கிடக்கு, நாலு மெஷின் இருக்கிற தோட்டத்துல லிஸ்ட்ல ஒன்னுதான் தெரியுது, அதுவும் இன்னைக்கு ஒரு பேர் நாளைக்கு இன்னொரு பேர். இதையாவது எப்படியாச்சும் பாத்துக்கலாம்னு வைங்க. பெரிய பிரச்சனை சம்பள வாரம். எல்லா அப்டேட்டுக்கும் ஒட்டோ அப்ரூவல் போட்டிருக்கு, போன மாசம் பத்தாந்தேதி சம்பளத் துண்டு பிரிண்ட் எடுக்கிற நேரத்துல செக்ரோல் (ஆளுங்களோட வேலைநாள், சம்பளக் கணக்கு) மெஷின் அப்டேட்னு போய் நின்னுடுச்சு, வெளிய ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, பெரிய கிளாக்கர் கோல் எடுத்து நல்லா ஏசிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வேலைய விட்டுட்டு வந்து நிக்கிற சனத்துக்கு அவர்தானே பதில் சொல்லணும். இப்ப தொரை (தோட்ட மனேஜர்) சொல்றார் செக்ரோல் மெஷினுக்கு அப்டேட்டே வேணாம், மொத்தமா நிப்பாட்டுன்னு. எனக்கு அது சரியாப் படல, ஆனா மாத்து வழி ஒன்னு சொல்லணுமே. லைனும் ரொம்ப மெதுவு, சில தோட்டத்துல மழை வந்தா சிக்னலே இல்ல. மலைநாட்டுல இப்படி வேலை செய்றவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஊவா_அட்மின்:

தம்பி, மொதல்ல சேர்வரை எழுப்பி நிக்க வைங்க, மத்ததெல்லாம் அப்புறம். ரீசெட் சேர்வர் நோட் வர்றதுக்கு முக்காவாசி நேரம் காரணம் ஐஐஎஸ்ல (விண்டோஸோட வெப் சேர்வர்) டபிள்யூசஸை ஓட்டுற டபிள்யூசஸ்பூல். அதோட பிரைவேட் மெமரி லிமிட் டிஃபோல்டா 18,43,200 கேபி, அதாவது 2 ஜிபி கூட இல்ல. கேட்லொக் (பேட்ச் லிஸ்ட்) பெருசாகப் பெருசாக அது பத்தாம பூல் தானா விழுந்துரும். சேர்வர்ல ரேம் இருந்தா அதை 0ன்னு போடுங்க, லிமிட் இல்லன்னு அர்த்தம், கியூ லெங்த்தை (வரிசையில காத்திருக்கக்கூடிய ரிக்வெஸ்ட் எண்ணிக்கை) 1000ல இருந்து 2000 ஆக்குங்க. பாதிப் பிரச்சனை அதுலயே தீரும்.

அடுத்தது சுத்தம் பண்றது. கிளீனப் விசார்டை ஓடவிடுறதுக்கு முன்னாடி, புதுசு வந்து பழசாப் போன பேட்ச் எல்லாத்தையும் டிக்ளைன் பண்ணுங்க, அதாவது வேணாம்னு ஒதுக்குங்க. விண்டோஸ் பேட்ச் இப்ப எல்லாம் குமுலேட்டிவ் தானே, இந்த மாசத்துது போன மாசத்துதையும் சேர்த்துக்கிட்டுதான் வருது, பழசை வச்சிருந்து ஒரு பிரயோசனமும் இல்ல. டிக்ளைன் பண்ணாத வரைக்கும் ஒவ்வொரு மெஷினும் ஸ்கேன் பண்ணும்போது அந்தக் குப்பை அத்தனையையும் கேட்டு வாங்குது, உங்க மெதுவான லைன்ல அதுவே ஒரு சுமை. விசார்ட் மொத தடவை நடுவுல நின்னு போகும், பயப்படாதீங்க, ஒவ்வொரு டிக்கா போட்டு திரும்பத் திரும்ப ஓட விடுங்க. எந்தெந்த புரொடக்ட் டிக் பண்ணியிருக்குன்னும் பாருங்க, நீங்க பாவிக்காத ஒபிஸ் வெர்ஷன், டிரைவர் எல்லாம் டிக் ஆகி இருக்கும், எடுத்து விடுங்க. டிரைவரை டபிள்யூசஸ் வழியா குடுக்கவே கூடாது, அது என் கருத்து.

ஒரு பேர் வந்து ஒரு பேர் மறையுதுன்னா அந்த மெஷின் எல்லாம் ஒரே இமேஜ்ல இருந்து குளோன் பண்ணினது. சிஸ்பிரெப் (கொப்பி எடுக்க முன்னாடி மெஷினோட தனி அடையாளத்தை நீக்குற டூல்) பண்ணாம குளோன் எடுத்தா சஸ்கிளையன்ட்ஐடின்னு ரெஜிஸ்ட்ரியில இருக்கிற நம்பர் எல்லாத்துலயும் ஒன்னாவே இருக்கும், சேர்வருக்கு எல்லாம் ஒரே ஆள்தான். விண்டோஸ் அப்டேட் சேர்விஸை நிப்பாட்டிட்டு அந்தக் கீயையும் அதுக்குப் பக்கத்துல வெலிடேஷன்னு முடியிற கீயையும் அழிச்சிட்டு சேர்விஸை ஸ்டார்ட் பண்ணுங்க, புது நம்பர் எடுத்துக்கிட்டு லிஸ்ட்ல தனித்தனியா வரும். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டா ஒரு தடவை மட்டும் ஓடுற மாதிரி எழுதினா தோட்டம் தோட்டமா அலைய வேண்டியதில்ல.

நானுஓயா_டெஸ்க்:

நானும் தோட்டம்தான் பாக்குறேன் தம்பி, உங்க வேதனை எனக்கு நல்லா விளங்குது. சம்பள வாரத்துல இது வர்றது தற்செயல் இல்ல. மைக்ரோசொஃப்ட் மாசாந்தப் பேட்ச் விடுறது ரெண்டாவது செவ்வாய், அது எப்பவும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவுலதான் விழும். அமெரிக்க மேற்குக் கரையில காலை பத்து மணிக்கு விட்டா நமக்கு அது ராத்திரி பத்தரை, அவங்க குளிர் காலத்துல பதினொன்றரை. உங்க சேர்வர் ராத்திரி சின்க் பண்ணும், ஒட்டோ அப்ரூவல் ரூல் அதோட ஓடும், புதன் காலையில கிளாக்கர் மெஷினைப் போடும்போது பேட்ச் வாசல்ல நிக்கும். நம்ம தோட்டங்கள்ல சம்பளம் 10ஆம் தேதி. 2026 ஜூன் காலண்டரைப் பாருங்க, ரெண்டாவது செவ்வாய் 9, புதன் 10. சம்பளத்தன்னைக்கே வருது.

அதனால மொத வேலையா அந்த ரூலைத் தூக்குங்க. டிஃபெண்டர் (விண்டோஸோட அன்டிவைரஸ்) டெஃபினிஷனுக்கு மட்டும் ஒட்டோ அப்ரூவல் இருக்கட்டும், மத்தது எல்லாம் கையால. குரூப்பை மூணாப் பிரிங்க, ரீஜனல் ஒபிஸ் மெஷின்கள் ஒன்னு, பெக்டரி, ஸ்டோர்ஸ் ஒன்னு, செக்ரோல் மெஷின் மட்டும் தனியா ஒன்னு. கிளையன்ட் சைட் டார்கெட்டிங்கை குரூப் பொலிசியில போட்டுட்டா மெஷின் தானா அந்தந்த குரூப்புக்குப் போயிரும். புதன்கிழமை ரீஜனல் ஒபிஸுக்கு மட்டும் அப்ரூவ், பிரச்சனை இல்லன்னா ரெண்டு மூணு நாள் கழிச்சு பெக்டரிக்கு, செக்ரோலுக்கு 15ஆம் தேதி தாண்டி, சம்பளப் பிரச்சனை எல்லாம் பேசி முடிஞ்சு கிளாக்கர் மூச்சு விடுற நேரத்துல. மாசக் கடைசியில செக்ரோல் குளோஸிங் வந்துரும், அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க.

செக்ரோல் குரூப்புக்கு அப்ரூவல்ல டெட்லைன் மட்டும் போட்டுறாதீங்க. லைன் இல்லாம கிடந்த ஒரு மெஷின் டெட்லைன் தாண்டி வந்து சேர்வரைத் தொட்டா யாரையும் கேக்காம அப்பவே இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் எடுக்கும். அது எந்த நேரமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

இன்னொன்னு, உங்க மொத குரூப்புல டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரை ஷெயார் பண்ணி வச்சிருக்கிற மெஷின் ஒன்னு கட்டாயம் இருக்கணும். 2021ல பிரிண்ட்நைட்மேர்ங்கிற விண்டோஸ் பிரிண்டிங் ஓட்டையை அடைக்க வந்த பேட்ச்களோட தொடர்ச்சியா செப்டம்பர்ல வந்ததுல உலகம் முழுக்க ஷெயார் பண்ணின பிரிண்டர் 11பி எரர் குடுத்து நின்னுச்சு, ஞாபகம் இருக்கும். நம்ம ஒபிஸ்ல பிரிண்டர் நின்னா எல்லாமே நின்ன மாதிரி. வேர்டு திறக்குதா, இன்டர்நெட் வருதான்னு பாத்துட்டு பேட்ச் நல்லம்னு முடிவு பண்ணாதீங்க, செக்ரோல்ல இருந்து ஒரு துண்டு முழுசா அடிச்சுப் பாருங்க.

கண்டி_கிளவுட்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். 2024 செப்டம்பர்லயே மைக்ரோசொஃப்ட் டபிள்யூசஸை டெப்ரிகேட் பண்ணியாச்சு, இனி புது வசதி ஒன்னும் வராது. இவ்வளவு பாடுபட்டு அதைத் தூக்கி நிறுத்துறதை விட இன்டியூனுக்கு (கிளவுட்ல இருந்து மெஷின்களைப் பாத்துக்கிற மைக்ரோசொஃப்ட் சேர்விஸ்) போறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். லைசன்ஸுக்கு காசு இல்லன்னா கூட விண்டோஸ் அப்டேட் ஃபோர் பிஸ்னஸ் பொலிசியை சாதாரண குரூப் பொலிசியிலயே போடலாம், புரோ எடிஷன் போதும், குவாலிட்டி அப்டேட்டை (மாசாந்தப் பேட்ச்) 30 நாள் வரைக்கும் தள்ளலாம். செக்ரோல் மெஷினுக்கு 7 நாள்னு போட்டுப் பாருங்க, ரெண்டாவது செவ்வாய்ல இருந்து ஏழு நாள்னா 15க்கும் 21க்கும் நடுவுல, எந்த மாசமும் சம்பளத்துல முட்டாது. சேர்வரும் வேணாம், டிஸ்க்கும் வேணாம், யாரும் ஒக்காந்து அப்ரூவ் பண்ணவும் வேணாம்.

நானுஓயா_டெஸ்க்:

கண்டி அண்ணா, அந்த ஏழு நாள் கணக்கு நல்ல கணக்கு, பைபர் லைன் இருக்கிற ஒபிஸுக்கு நானும் அதையே சொல்லுவேன். ஆனா டெப்ரிகேட்னா நாளைக்கே எடுத்துருவாங்கன்னு இல்ல, சேர்வர் 2025லயும் டபிள்யூசஸ் இருக்கு, பேட்சும் வந்துக்கிட்டுதான் இருக்கு. பொலிசியை மட்டும் போட்டுட்டு விட்டா எந்தத் தோட்டத்துல எந்த மெஷின் பேட்ச் எடுக்கல, எதுல ஃபெயில் ஆச்சுன்னு ஒரு இடத்துல பாக்க முடியாது. ஒரு தோட்டத்துக்குப் போய்வர ஒரு நாள் போற ஊருல எனக்கு அந்த ரிப்போர்ட்தான் கண்ணு. அதோட ஒரு ஏற்பாடு இருக்கு, டபிள்யூசஸ்ல ஃபைல்களை சேர்வர்ல வைக்காம அப்ரூவலை மட்டும் இங்க வச்சுக்கிட்டு ஃபைலை மெஷின் நேரா மைக்ரோசொஃப்ட்ல இருந்து எடுக்கிற மாதிரி போடலாம். நல்ல லைன் இருக்கிற தோட்டத்துக்கு அப்படி ஒரு சேர்வர் வச்சா விபிஎன்ல பாரமே ஏறாது.

ஹட்டன்_சிஸ்டம்ஸ்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பூல் லிமிட்டை மாத்தினதும் கொன்சோல் ஒழுங்காத் திறக்குது, டிக்ளைன் பண்ணிக்கிட்டு இருக்கேன். ரெண்டு விஷயம் கேக்கணும். இன்ஸ்டோல் டைம் ராத்திரி 3 மணின்னு இருக்கு, ஆனா இங்க ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் வந்தா வீட்டுக்குப் போக முன்னாடி யூபிஎஸ், ரவுட்டர், போன் லைன் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் போவாங்க, அதை வேணாம்னு சொல்ல எனக்கு மனசில்ல, கழட்டாத ஒபிஸ்ல என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ எந்த நேரம் வைக்கிறது? ரெண்டாவது, ஒரே தோட்டத்துல நாலு மெஷினும் அதே பேட்சை நாலு தடவை விபிஎன்ல இழுக்குது. பிட்ஸ் (விண்டோஸ் பின்னணியில டவுன்லோட் பண்ற சேர்விஸ்) லிமிட் பொலிசி போட்டுப் பாத்தேன், ஒரு மாத்தமும் தெரியல.

நானுஓயா_டெஸ்க்:

கழட்டுறதைத் தடுக்காதீங்க, அதுதான் சரி. 3 மணியைத் தூக்கிட்டு பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வைங்க. காலையில கொழுந்து நிறுவைக் கணக்கு ஏத்தி முடிஞ்சிருக்கும், பின்னேர நிறுவை வர இன்னும் நேரம் இருக்கும், கரண்ட் இருக்கும், பக்கத்துல ஆளும் இருக்கும். ரீஸ்டார்ட்டை மட்டும் கிளாக்கர் கையில விடுங்க, ஆள் லொகின்ல இருக்கும்போது தானா ரீஸ்டார்ட் எடுக்காதேன்னு ஒரு பொலிசி இருக்கு, அதைப் போடுங்க. அன்னைக்குக் காலையிலயே ஒரு கோல் எடுத்து சொல்லிருங்க, இன்னைக்கு உங்க தோட்டம், சாப்பிட்டு வந்து ஒரு ரீஸ்டார்ட் போடுங்க ஐயான்னு. சொல்லிட்டு செஞ்சா யாரும் ஏசமாட்டாங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா விண்டோஸ் பெரும்பாலும் பேட்சைத் திருப்பி எடுத்துக்கிட்டு பழைய நிலைக்கு வரும், அது முடியிற வரைக்கும் பவர் பட்டனை அமுக்காம இருக்கச் சொல்லுங்க, அதான் முக்கியம்.

பிட்ஸ் லிமிட் வேலை செய்யாததுக்குக் காரணம், விண்டோஸ் 10, 11ல அப்டேட்டை இழுக்கிறது டெலிவரி ஒப்டிமைசேஷன்ங்கிற வேற சேர்விஸ். பேண்ட்வித் லிமிட்டையும் அதோட பொலிசியிலதான் போடணும், வேலை நேரத்துக்கு ஒரு அளவு, மத்த நேரத்துக்கு ஒரு அளவுன்னு பிரிச்சுக் குடுக்கலாம். பக்கத்து மெஷின்ல இருந்து பங்கு எடுக்க வைக்கிறதும் அதுதான். ஆனா ஒரு சிக்கல், மோட் 1ல (ஒரே நெட்வேர்க்ல இருக்கிற மெஷின்களுக்குள்ள பங்கு எடுக்கிறது) அது வெளி ஐபியை வச்சுத்தான் யார் பக்கத்துலன்னு பாக்குது, உங்க எல்லா தோட்டமும் விபிஎன்ல வந்து ஒரே ஐபியில வெளிய போகுதுன்னா மஸ்கெலியா மெஷின் பொகவந்தலாவ மெஷின்ட்ட போய்க் கேக்கும், லைன் இன்னும் மோசமாகும். பியர் செலக்ஷனை (பங்கு குடுக்கிற மெஷினைத் தேர்றது) சப்நெட்டுக்குள்ள, அதாவது அந்தந்தத் தோட்டத்து நெட்வேர்க்குக்குள்ள மட்டும்னு கட்டுப்படுத்துங்க. பியரைக் கண்டுபிடிக்க மெஷினுக்கு இன்டர்நெட்டும் வேணும், 4 ஜிபிக்குக் குறைஞ்ச ரேம் இருந்தா டிஃபோல்ட்ல சேராது. செட்டிங்ஸ்ல அக்டிவிட்டி மொனிட்டர்னு ஒன்னு இருக்கு, எவ்வளவு பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு அதுல தெரியும்.

ஊவா_அட்மின்:

தொரைக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்களே தம்பி. வொனாகிரை ரான்சம்வேரைச் (ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற வைரஸ்) சொல்லுங்க. அந்த ஓட்டைக்கு பேட்ச் வந்தது 2017 மார்ச்ல, தாக்குதல் வந்தது மே 12ல. ரெண்டு மாசம் கையில இருந்தும் போடாதவங்கதான் மாட்டினாங்க. நாம கேக்குறது ஒரு வாரம் தள்ளிப் போட, அதுல பெரிய ஆபத்து இல்ல. மொத்தமா நிப்பாட்டுறது வேற கதை. அந்த மெஷின்லதான் தோட்டத்து ஆளுங்களோட பேர், ஈபிஎஃப் நம்பர், சம்பளம் எல்லாம் இருக்கு. அது பூட்டிக்கிட்டா பத்தாந்தேதி சனத்துக்கு சம்பளம் இல்ல, அதை நேரா அப்படியே சொல்லுங்க, தொரைக்கு விளங்கும்.

அதோட உங்க டபிள்யூசஸ் சேர்வரையே பேட்ச் பண்ணியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. 2025 ஒக்டோபர்ல சிவிஇ-2025-59287ன்னு அதுலயே பெரிய ஓட்டை வந்துச்சு, பாஸ்வேர்ட் ஒன்னும் இல்லாமலே வெளிய இருந்து உள்ள புகுந்து எதை வேணும்னாலும் ஓட்டலாம். மொத பேட்ச் பத்தாம, ஒக்டோபர் 23ல அவசரமா இன்னொன்னு விட்டாங்க. அதுக்கு அப்புறம் வந்த குமுலேட்டிவ் எதையாச்சும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா சரி. 8530, 8531 போர்ட் ரெண்டும் இன்டர்நெட்டுக்குத் திறந்து இருந்தா உடனே மூடுங்க, தோட்டம் எல்லாம் விபிஎன்ல வர்றப்போ அது வெளிய திறந்து இருக்க ஒரு தேவையும் இல்ல.

விண்டோஸ் 10 மெஷின் எத்தனை இருக்குன்னும் எண்ணி வைங்க. 2025 ஒக்டோபர் 14ஓட அதுக்கு இலவசப் பேட்ச் முடிஞ்சு போச்சு, கொம்பனிகளுக்கு ஈஎஸ்யூ (காசு கட்டி வாங்குற மேலதிகப் பேட்ச்) மொத வருஷம் மெஷினுக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருஷம் ரெட்டிப்பு. அந்த மெஷின் எல்லாம் லிஸ்ட்ல பச்சையாத் தெரியும், ஏன்னா போட வேண்டிய பேட்சே அதுக்கு வராதே. செக்ரோல் மெஷினுக்கு மட்டுமாச்சும் முதல்ல 11 வாங்கித் தரச் சொல்லுங்க. சேர்வர் பழசுன்னா ஐஐஎஸ்ல டொட் எம்எஸ்யூ, டொட் விம் ரெண்டுக்கும் மைம் டைப் (எந்த வகை ஃபைலைக் குடுக்கலாம்னு சேர்வருக்குச் சொல்ற செட்டிங்) சேர்த்திருக்கான்னும் அப்பவே பாத்துக்குங்க, இல்லன்னா 11 மெஷின் பேட்சைக் கண்டுபிடிக்கும், டவுன்லோட் மட்டும் ஆகாது.