வீல் ஆஃப் டைம்: கடைசிப் புத்தகத்தை மூடியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இந்தக் கற்பனை நாவல் தொடரின் முதல் புத்தகம் வந்தது 1990இல். அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்தபோது பதினோரு பாகங்கள் வந்திருந்தன, கதை முடியவில்லை. அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய். இருக்கும் நாளுக்குள் சொல்ல முடிந்ததைச் சொல்லி, எழுத முடிந்ததை எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் மனைவி ஹாரியட் மக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும். மீதியை எழுத பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஒரு புத்தகமாக முடிய வேண்டியது மூன்றாகி, 2013 ஜனவரியில் 'எ மெமரி ஆஃப் லைட்' வந்தது. வேறொருவர் கைக்குப் போன கதையாயிற்றே என்ற பயத்தோடுதான் எடுத்தேன்.

வாள்வீரன் லான் வரும் இடத்தில் அந்தப் பயம் போய்விட்டது. எதிரிப் படைத் தலைவன் டெமண்ட்ரெட்டை எதிர்த்து முதலில் காவின் என்ற வீரன் போகிறான், உயிரை விடுகிறான். அடுத்து கலாட் போகிறான், கையை இழக்கிறான். மூன்றாவதாக லான். எதிரியின் வாளைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டு, அவன் தொண்டையில் தன் வாளை இறக்குகிறான். இரண்டாம் புத்தகத்தில் கதாநாயகன் ராண்டுக்கு அவன் சொல்லிக்கொடுத்த அதே பாடம்! உயிரைக் கொடுத்தாவது முடிக்க வேண்டிய வேலை வந்தால் என்ன செய்வது என்று அன்று சொன்னதை இங்கே தானே செய்து காட்டுகிறான். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. கடைசிப் போர் ஒரே அத்தியாயமாக, ஒரு தனி நாவல் நீளத்துக்குப் போகிறது. நடுவில் எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே பிடிபடாமல் போகிறது. ஆனால் முதல் புத்தகத்திலிருந்து ராண்டையும் அவன் நண்பர்களையும் விடாமல் துரத்திய பேடன் ஃபெய்ன் விஷயம் சில பக்கங்களில் தீர்ந்துவிடுகிறது. ராண்டின் நண்பன் மாட் வந்தான், குத்தினான், முடிந்தது. இத்தனை வருடம் வளர்த்த பகைக்கு இது போதவே போதாது.

ராண்டின் ஊர்த் தோழி எக்வீனின் சாவை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வலித்தது, ஆனால் அவளுக்குத் தகுந்த சாவு. என் மனம் ஆறாதது ராண்டின் அப்பா டாமை நினைத்துத்தான். மகன் வேறோர் உடம்பில் உயிரோடு இருக்கிறான் என்று தெரியாமலே அவன் சிதையின் முன்னால் நிற்கிறார். குழந்தையாக மலைச்சரிவில் கண்டெடுத்து வளர்த்தவர். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சிகளில் பெரும்பகுதி ஜோர்டனே எழுதிவைத்தது. அது படிக்கும்போதே தெரிகிறது. வாக்கியத்தில் அவசரமே இல்லை. ராண்ட் பைப்பை நெருப்பில்லாமல் பற்றவைக்கிறான், எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் விளக்கம் இல்லை. சிலர் இதற்காகக் கோபப்பட்டார்கள். எனக்கு அதுவே பிடித்தது. இத்தனை நாள் விதியின் பிடியில் இருந்தவனுக்கு, இனி எங்கே போவது என்று தானே முடிவு செய்யும் சுதந்திரம் கிடைத்ததே, அது போதும். நீங்களும் எழுதுங்கள்.

*

எனக்கு பெலா. முதல் புத்தகத்தில் வண்டி இழுத்து வந்த அதே கிழட்டுக் குதிரை, கடைசியில் ஓல்வர் என்ற சிறுவனைச் சுமந்துகொண்டு ஓடி அம்பு பட்டு விழுகிறது. பெரிய வீரர்கள் செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அப்புறம் இறந்த வீரர்களை அழைக்கும் கொம்பை அந்தப் பையன் ஊத, செத்துப்போன அவன் நண்பர் நோயல் அவனைக் காப்பாற்ற வந்து நிற்பாரே, அந்த இடத்தில் இன்னொரு முறை.

*

லான் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என் குறை டெமண்ட்ரெட் மேல்தான். ஷாரா என்ற நாட்டிலிருந்து ஒரு பெரும்படையோடு திடீரென்று வந்து இறங்குகிறான். அங்கே அவன் என்ன செய்தான், அந்த மக்கள் ஏன் அவனை அப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று புத்தகத்தில் சரியாகவே இல்லை. அதற்காக எழுதிய பகுதியை வெட்டி, 'ரிவர் ஆஃப் சோல்ஸ்' என்று 2013இல் வேறொரு தொகுப்பில் போட்டார்கள். அதைத் தேடிப் படித்த பிறகுதான் லானிடம் தோற்றவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்றே புரிந்தது. முடிந்தால் அதையும் படித்துவிட்டு அந்தச் சண்டையை மறுபடி வாசியுங்கள்.