எல்எஸ்டிஏ என்ற அமெரிக்க மத்திய அரசின் நூலக நிதிக்கு விண்ணப்பம் எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் பொது நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்களுடையது சின்ன ஊர், பல வீடுகளில் நல்ல இணையம் கிடையாது, அதனால் ஹாட்ஸ்பாட்டும் (கையில் எடுத்துப்போகும் வைஃபை கருவி) லேப்டாப்பும் வாங்கி இரவல் கொடுக்க எங்கள் நூலகம் எல்எஸ்டிஏ நிதி கேட்கப் போகிறது, விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன். 1996இல் வந்த எல்எஸ்டிஏ சட்டப்படி இந்தப் பணத்தை ஐஎம்எல்எஸ் (நூலகம், அருங்காட்சியகங்களுக்கான மத்திய அரசு அமைப்பு) மக்கள்தொகை பார்த்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, நாங்கள் மாநில நூலகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். அதுவரை சரி.

இந்தப் பணத்தில் இணையத்துக்கான கணினி வாங்கினால் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்கான சீப்பா சட்டப்படி ஆபாசப் படங்களைத் தடுக்கும் ஃபில்டர் போட வேண்டும். இரவல் போகிற லேப்டாப்பில் அதை எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம், திட்டத்தின் பலனை எப்படிக் காட்டினீர்கள்? எத்தனை பேர் எடுத்துப்போனார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் முடித்ததும், வேலையில்லாத ஒருவர் வீட்டிலிருந்தே விண்ணப்பம் போட்டதும்தான் உண்மையான பலன், ஆனால் அதற்குக் கருத்துக்கேட்பு படிவத்தில் என்ன கேட்பது? நிதி கிடைத்த பழைய விண்ணப்பம் ஏதாவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பெரிய உதவியாக இருக்கும்.