பொறை வாங்கித் தின்ற நாய் இப்போது ஏன் என்மேல் பாய்கிறது?

கேள்வி: பால் போடுகிறவள், அயனாவரம்

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக அயனாவரத்தில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிறேன். அதிகாலை நான்கு மணிக்கு மொபெட்டில் பெட்டியை ஏற்றினால் ஆறரைக்குள் நூற்று நாற்பது வீடு முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் துணை நாய்கள்தான்.

பிள்ளையார் கோயில் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் கறுப்பியும் அவள் மகன் வெள்ளைக்காலனும் சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். நான் கேட்டில் தொங்கும் பைகளில் பாக்கெட்டைப் போட்டுத் திரும்பும்வரை வண்டியருகே நிற்பார்கள். தெருக்கோடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் காது மடங்கிய கிழ நாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். இவர்கள் நின்றதும் அது எழுந்து என்னோடு நடக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குடித்திருந்த ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்க வந்தான். கறுப்பி குரைத்த குரைப்பில் மூன்று வீடுகளில் விளக்கு எரிந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

சங்கடம் ரேஷன் கடைத் தெருவில். அங்கே ஒரு செவலை, பெட்டை நாய். என் கையிலிருந்து பொறை வாங்கித் தின்றதுதான். மூன்று வாரமாக வண்டிச் சத்தம் கேட்டாலே பாய்கிறது. நேற்று மிரண்டு பிரேக் பிடித்ததில் வண்டியோடு விழுந்தேன். பதினெட்டுப் பாக்கெட் உடைந்து, பால் சாக்கடை வரை ஓடியது. கணுக்காலில் அதன் பல் பட்டு ஒரு கீறல். ரத்தம் வரவில்லை.

தெருவில் இரண்டு பேர், பிடித்துக்கொண்டு போகச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விழுந்தவள் நான்தான், இருந்தும் கை வரவில்லை. அந்த நாய்க்கு என்மேல் என்ன கோபம்?

பதில் 1: கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன்

அக்கா, முதலில் காலைப் பாருங்கள். ரத்தம் வராத கீறலானாலும் ஊசி போட்டே ஆக வேண்டும். இப்போதே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையென்றால் இன்று ஒரு தவணை, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் ஒவ்வொரு தவணை. பதினாறு ஆண்டுகள் அந்த மருந்தகத்தில் இருந்தேன். வெறிநோய் முற்றி, தண்ணீரைக் கண்டு துடித்த ஒருவரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. நாய் எப்படி இருக்கிறது என்று பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நாயின் கோபம். மூன்று வாரம் என்கிறீர்கள், பெட்டை என்கிறீர்கள். அதன் மடி இறங்கியிருக்கிறதா? பக்கத்தில் ஓடாமல் நிற்கும் கார், மணல் குவியல், படிக்கட்டின் அடி ஏதாவது உண்டா? குட்டி போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். சின்னக் குட்டிகளை வைத்திருக்கும் தாய்க்கு ஆளும் வண்டியும் ஒன்றுதான்.

பதில் 2: கொளத்தூர் அப்பா

என் மகளுக்கு ஏழு வயது. டியூஷனிலிருந்து வரும்போது தொடையில் கடி, இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. காயத்தைச் சுற்றி வெறிநோய்த் தடுப்புச் சீரம் போட்டபோது அவள் போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஓராண்டு ஆகிறது, இன்றும் தெருவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். உங்கள் கை வராததை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் பின்னால் அதே தெருவில் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் வருகிறார்கள் அம்மா. கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

தெரு நாய்களைப் பிடித்துக் கொன்ற காலத்தைப் பார்த்தவன் நான். நாய் வண்டி வந்தால் பிள்ளைகள் நாங்கள் நாய்களைக் கொல்லைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். எத்தனை கொன்றும் நாய் குறையவில்லை. 1996-இல் சென்னை கருத்தடைக்கு மாறியது. அறுவை முடிந்த நாய்க்குக் காதில் சிறு வெட்டு இருக்கும், பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். செவலையின் காதைப் பாருங்கள். வெட்டு இருக்காது என்று நினைக்கிறேன்.

கையெழுத்துக் கேட்பவர்களிடம், குட்டிகள் பால் மறக்கும்வரை இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். இப்போது தாயைக் கொண்டுபோனால் குட்டிகள் பசியில் செத்துவிடும். பிறகு மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லிக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கேட்கலாம். சாப்பாட்டையும் கண்ட இடத்தில் போடக் கூடாது. 2023-இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளின்படி பிள்ளைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு ஆகியவற்றை விட்டுத் தள்ளி ஓரிடத்தை ஒதுக்க வேண்டும்.

கேட்டவள், பதினான்கு நாள் கழித்து

மூன்று ஊசி போட்டாயிற்று, 28-ஆம் நாள் ஊசி பாக்கி.

தம்பி சொன்னது சரி. ரேஷன் கடையை ஒட்டி டயர் இறங்கிய ஒரு பழைய வேன் நிற்கிறது. அதன் அடியில் ஐந்து குட்டிகள். நான் தினமும் வண்டியை ஸ்டாண்டு போடுவது அந்த வேனுக்கு இரண்டு முழம் தள்ளி. அதன் பிரசவ அறை வாசலில்தான் இத்தனை நாளும் இன்ஜினை உறும விட்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, எதிர்ப் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். பெட்டி கனத்தோடு தள்ளுவது முதுகைப் பிடிக்கிறது. முதல் மூன்று நாள் வேனடியிலிருந்து உறுமல். நான்காம் நாள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. சோறு இப்போது தெருவின் அந்தக் கோடியில், ஆள் இல்லாத மதிலோரம். கடைக்காரம்மா வைக்கிறார்.

கொளத்தூர் ஐயா, உங்கள் மகளை நினைத்துக்கொண்டுதான் வீடு வீடாகச் சொன்னேன், பிள்ளைகளை எதிர்ப் பக்கமாக நடக்க வைக்கச் சொல்லி. மனு எழுதிய இருவரும் குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தேதியைக் கேட்டு காலண்டரில் குறித்துக்கொண்டார். குறிக்கட்டும். அன்று நானே 1913-க்குப் பேசுகிறேன். ஆசிரியர் ஐயா, செவலைக்குக் காதில் வெட்டு இல்லை.

இன்று காலை ஒரு குட்டி வேனடியிலிருந்து தத்தித் தத்தி வந்து என் செருப்பை முகர்ந்தது. நான் மூச்சுவிடாமல் நின்றேன். செவலை எழுந்து வந்து, அதைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. உறுமவில்லை.