பள்ளித் தோட்டத்தில் முதல் சோதனை எது?

டர்பன் ஆசிரியை: இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் புது ஆசிரியைகள் தோட்டப் பாடம் என்றாலே தயங்குகிறார்கள். எதில் தொடங்கலாம்?

பீனிக்ஸ்வாசி: பீன்ஸ்தான், டீச்சர். நாலு தொட்டி, தொட்டிக்கு 3 விதை, 3 செ.மீ. ஆழம். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். முளைத்ததும் இரண்டை மட்டும் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் பாடமே. இருட்டுச் செடி நெட்டையாகப் போகும். "இதுதான் நல்லா வளருது" என்பார்கள் பிள்ளைகள். உடனே திருத்தாதீர்கள். இலை நிறம், தண்டின் தடிமன் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

டோங்காட்காரர்: விதை அழுகினால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம்; மண்ணில் காற்று இல்லாமல் போகும். தொட்டியடியில் துளை அவசியம். ஆசிரியைகள் ஒரு வாரம் முந்தியே விதைத்துப் பார்க்கட்டும், பயம் பாதி போய்விடும். பாத்தி போட்டால் சுவருக்கு வடக்கே போடுங்கள் அக்கா. நம்ம ஊரில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும்; தெற்கே போட்டால் நிழல்தான்.