பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தலைவலி, உங்களுக்கும் இப்படியா?

ஜூரோங்_பொண்ணு:
வயசு 34. நாலு மாசமா கவனிக்கிறேன், பீரியட்ஸ் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இடது கண்ணுக்குப் பின்னால விண்ணு விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சா மூணு நாளைக்கு விடாது, போன வாரம் எம்ஆர்டி ரயில்ல யாரோ போட்டிருந்த சென்ட் வாசனைக்கே குமட்டிக்கிட்டு வந்து ஜூரோங் ஈஸ்ட்ல இறங்கி கண்ணை மூடி உக்காந்துட்டேன். பாராசிட்டமால் கேக்கல. கிளினிக்ல ஸ்ட்ரெஸ்னு சொல்லி எம்சி (மெடிக்கல் லீவ் சீட்டு) குடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஈசூன்_அக்கா:
இருக்கும்மா. பீரியட்ஸுக்கு முன்னாடி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மளமளன்னு இறங்கும், அந்த இறக்கம்தான் மைக்ரேனை, அதான் ஒற்றைத் தலைவலியை, கிளப்பி விடுது, கர்ப்பப்பை சுருங்க சுரக்குற புரோஸ்டாகிளான்டின்ங்கிற பொருளும் சேந்துக்கும். 2 நாள் முன்னாடி தொடங்கி பீரியட்ஸ் 3ஆவது நாளுக்குள்ள, மூணு தடவைல ரெண்டு தடவையாவது வந்தா மாதவிடாய் மைக்ரேன்னு சொல்வாங்க. வெறும் வாய்ல சொன்னப்ப எனக்கும் ஸ்ட்ரெஸ்னுதான் சொன்னாங்க. அப்புறம் ஃபிரிட்ஜ்ல மாட்டின காலண்டர்ல பீரியட்ஸ் முதல் நாளுக்கு நீல பேனா, தலைவலிக்கு சிவப்பு பேனான்னு மூணு மாசம் வட்டம் போட்டு, அந்த தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு பாலிகிளினிக் (அரசாங்க கிளினிக்) போனேன், டாக்டர் பாத்ததும் நியூராலஜிக்கு (நரம்பு டாக்டர்கிட்ட) லெட்டர் எழுதிட்டாங்க. இப்ப சுமாட்ரிப்டான்னு மைக்ரேன் மாத்திரை வெச்சிருக்கேன். சமையலை முடிச்சிட்டு போடலாம்னு தள்ளிப்போட்டா பிரயோஜனமே இல்ல, வலி தலை தூக்கும்போதே போடணும். பீரியட்ஸ் தேதி தவறாம வர்றவங்களுக்கு முன்கூட்டியே சில நாள் நேப்ராக்ஸன்ங்கிற வலி மாத்திரையும் குடுப்பாங்க, ஆனா அல்சர், ஆஸ்துமா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

தேம்பனிஸ்_அம்மா:
ஒண்ணு கேக்கணும், வலிக்கு முன்னாடி கண்ணுல மின்னுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு தெரியுதா? அது ஆரா. எனக்கு அது உண்டு, தெரியாம ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரெண்டு வருஷம் சாப்பிட்டேன். ஆரா இருக்கறவங்களுக்கு அது பக்கவாத ஆபத்தை கூட்டும்னு பிறகுதான் தெரிஞ்சது, நெனச்சா இன்னும் கை நடுங்குது. கருத்தடை மாத்திரை எழுதிக் குடுக்கும்போது யாரும் கேக்கலன்னாலும் நீங்களா சொல்லிடுங்க.

உட்லண்ட்ஸ்_மலர்:
வலி மாத்திரை எத்தன நாள் போடுறீங்கன்னும் எழுதுங்க சிஸ். பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரை மாசத்துல 15 நாள், சுமாட்ரிப்டான் மாதிரி டிரிப்டான் வகை 10 நாள்னு மாசக்கணக்கா போய்ட்டிருந்தா மாத்திரையாலேயே தலைவலி வரும்.

ஜூரோங்_பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. கோடு எதுவும் தெரியல, ஆனா ஒரு பக்கம் பார்வை மங்கலா ஆகும், அதையும் டாக்டர்கிட்ட சொல்றேன். காலண்டர் எடுத்துட்டேன், போன மாசத்துக்கு நாலு சிவப்பு வட்டம்.