தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவரே சமரசமும் பேசலாமா?

கேள்வி:
எங்கள் ஒப்பந்தத் தகராறு, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பளிக்கும் ஒரு நடுவர் (arbitrator) முன் விசாரணையில் உள்ளது. இரு தரப்பும் விரும்பினால் சமரசத்துக்குத் தாமே உதவுவதாகச் சென்ற அமர்வில் அவர் கூறினார். எதிர்த்தரப்பு உடனே இசைந்தது. நாங்கள் அவகாசம் கேட்டிருக்கிறோம். பேச்சு முறிந்தால் அவரே தீர்ப்பும் எழுதுவார் என்பதுதான் எங்கள் தயக்கம். இவ்வாறு உதவுவது நடுவரின் பணிக்குள் அடங்குமா?

மறுமொழி 1:
அடங்கும் என்பதே என் கருத்து. இந்தியாவின் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தரப்பினர் இசைந்தால் விசாரணையின் எந்தக் கட்டத்திலும் நடுவர் சமரச முறைகளைக் கையாள இடமளிக்கிறது. ஜெர்மனியின் நடுவர் விசாரணை அமைப்பான டிஐஎஸ் (DIS) நிறுவனத்தின் 2018 விதிகளோ, எவரும் மறுக்காத வரை உடன்பாட்டை ஊக்குவிப்பதை நடுவரின் கடமையாகவே வைத்துள்ளன. எட்டிய உடன்பாட்டைத் தீர்ப்பாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், பின்னர் ஒருவர் பின்வாங்கினாலும் அதை நிறைவேற்ற வழியுண்டு.

மறுமொழி 2:
சட்டம் இடமளிக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை; சிக்கல், நடுவர் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே சந்திக்கும் தனிச்சந்திப்பில் இருக்கிறது. எவ்வளவு வரை இறங்கி வருவோம், எந்த ஆவணம் நமக்குப் பாதகமானது என்பதையெல்லாம் சமரசம் பேசுபவரிடம் மனம் விட்டுச் சொன்னால்தான் பேச்சு நகரும். ஆனால் கேட்பவர் நாளை தீர்ப்பு எழுதப் போகிறவர் என்றால் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? சிங்கப்பூர்ச் சட்டப்படி, சமரசம் தோற்றால், தனியாகக் கேட்ட இரகசியங்களில் வழக்குக்கு முக்கியமானவற்றை நடுவர் மறுதரப்புக்கு வெளிப்படுத்திவிட்டே விசாரணையைத் தொடர வேண்டும். நேர்மையான ஏற்பாடுதான், எனினும் அதை அறிந்தவர் முதலிலேயே வாயை மூடிக்கொள்வார்.

ஹாங்காங்கில் 2011இல் முடிந்த, கீனை (Keeneye) என்ற நிறுவனம் தொடர்பான வழக்கையும் பாருங்கள். சீனாவின் சியானில் நடந்த விசாரணையின் இடையே, நடுவர்களில் ஒருவரும் நடுவர் ஆணையத்தின் தலைமைச் செயலரும் ஒரு தரப்புக்கு நெருக்கமானவரை ஓட்டல் விருந்தில் சந்தித்துச் சமரசத் தொகையைப் பற்றிப் பேசினார்கள். பாரபட்சத் தோற்றம் இருப்பதாகக் கூறி, அந்த நடுவர் தீர்ப்பை ஹாங்காங்கில் நிறைவேற்ற அங்குள்ள கீழ் நீதிமன்றம் மறுத்தது; மேல்முறையீட்டில் அந்த முடிவு மாறி, நிறைவேற்ற அனுமதி கிடைத்தது. வென்றவருக்கும் அது நிம்மதியான வெற்றியாக இருந்திருக்காது.

மறுமொழி 3:
தனிச்சந்திப்பே வேண்டாம் என்று நிபந்தனை விதியுங்கள். இரு தரப்பையும் ஒருசேர அமர்த்தி, எந்த வாதம் தமக்கு வலுவாகத் தெரிகிறது, எங்கே சான்று போதவில்லை என்று நடுவர் தற்காலிகக் கருத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். தொகை பேச வேறொருவரை அமர்த்தலாம். நடுவர் விசாரணையையும் சமரசப் பேச்சையும் இணைத்துச் சிங்கப்பூரில் 2014இல் வந்த கூட்டு நடைமுறையிலும், தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், சமரசம் பேசுபவரும் நடுவரும் வெவ்வேறு நபர்களே. இதே நடுவர்தான் என்று முடிவானால், பன்னாட்டு நடுவர் விசாரணைகளுக்கான 2018ஆம் ஆண்டுப் பிராக் விதிகள் கேட்பது போல, பேச்சு தொடங்கும் முன் ஒரு முறையும், அது தோற்றபின் அவர் நடுவராகத் தொடர்வதற்கு இன்னொரு முறையும் இரு தரப்பின் எழுத்துப்பூர்வ இசைவு தேவை என்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.